வாக்குத்தத்த வசனம் கையில் இருக்கிறது, அதிகாரம் எங்கே?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். வருடப் பிறப்பு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" என்று தொடங்கும் அந்த வசனத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்து தினமும் சொல்லி ஜெபித்தேன். ஆனால் இந்த வருடம்தான் வீட்டுக்காரருக்கு வேலை போனது, மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தமும் தட்டிப்போனது. வசனத்தைப் பிடித்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லையா, இல்லை விசுவாசம் போதவில்லையா?
- வாசகி, நாசரேத்

பதில்: சகோதரி, வேலை போன வீட்டில் இருந்துகொண்டு வேதத்தைப் பற்றிக் கேட்டு எழுதுகிறீர்களே, விசுவாசம் இல்லாதவர் இப்படி எழுதமாட்டார். அந்தப் பாரத்தை முதலில் இறக்கிவையுங்கள். நீங்கள் பிடித்துக்கொண்டது நல்ல வசனம்தான், ஆனால் உங்கள் கையில் அதில் ஒரு துண்டைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

எரேமியா 29 ஒரு கடிதம். ராஜாவாகிய எகோனியாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு, எருசலேமில் இருந்த எரேமியா எழுதி அனுப்பியது. வீடு, நிலம், ஆலயம் எல்லாம் பின்னால் விட்டுவிட்டு வேற்றூரில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அவர்கள். முந்தின அதிகாரத்தையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள், அனனியா என்று ஒருவன் ஆலயத்தில் எல்லோர் முன்பாகவும் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று சொல்லி, பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! அதற்குப் பிறகு வருகிற இந்தக் கடிதமோ 70 வருஷம் என்கிறது. நீங்கள் ஒட்டிவைத்திருக்கும் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே அந்த 70 இருக்கிறது. கடிதம் வாசிக்கப்பட்டபோது அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பமாட்டோம் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டிருப்பார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்குத்தான் கர்த்தர், உங்கள்மேல் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு என்கிறார். அதற்கு முன்னால் அவர் சொல்லுகிற காரியங்கள் எவ்வளவு சாதாரணமானவை பாருங்கள்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள். அதாவது நிலைமை மாறுகிறவரை காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை, மாறாத நிலைமைக்குள்ளேயே என்னோடு வாழுங்கள் என்கிறார். டிசம்பருக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்கிற உத்தரவாதத்தை அதில் நான் காணவில்லை. அது கிடைக்காததால் வசனம் பொய்த்துவிட்டது என்றும் ஆகாது. உங்களுக்கு வந்த கடிதத்தில் ஒரு வரியை மட்டும் யாரோ கத்தரித்துக் கொடுத்தால் எழுதியவரின் மனது எப்படிப் புரியும்?

வாக்குத்தத்த அட்டை கொடுப்பதே தப்பு என்று சொல்லமாட்டேன், அந்த ஒரு வசனத்தின் மூலமாகத் தேறினவர்கள் உண்டு. ஆனால் அட்டையைக் கொடுக்கிற சபை அந்த அதிகாரத்தையும் வாசித்துக் காட்ட வேண்டும். நெகேமியா 8-ல் வேதத்தை வாசித்ததோடு நிறுத்தவில்லை, அர்த்தம் சொல்லி விளங்கவும் வைத்தார்கள். இதைப் போதகர்களாகிய நாம் செய்யாமல் விட்டுவிட்டு, பாவம், வீட்டில் அழுகிற பெண்களிடம் விசுவாசம் போதாது என்று சொல்வது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று. இதே எரேமியாவின் வார்த்தைகளைப் பல வருஷம் கழித்து பாபிலோனில் ஒருவர் எடுத்துப் படிக்கிறார். தானியேல் 9-ம் அதிகாரம். 70 வருஷம் என்பதைப் புஸ்தகங்களில் பார்த்து அறிந்துகொண்டதும் அவர் உபவாசம்பண்ணி, ஜனத்தின் பாவங்களை அறிக்கையிட்டு மன்றாடுகிறார். வசனத்தைப் பிடித்துக்கொள்வது எப்படி என்று கேட்டீர்களே, அந்த ஜெபத்தை இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் எல்லோருமாகச் சேர்ந்து வாசியுங்கள். உங்கள் வீட்டுக்காரரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். சுவரில் இருக்கிற அட்டையைக் கிழிக்க வேண்டாம், பக்கத்தில் எரேமியா 29-ல் 4 முதல் 14 வரையுள்ள வசனங்களையும் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: ஒரு வருடத்தில் வேதத்தை முடிக்க வேண்டும் என்று ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன். காலையில் வாசித்தது சாயங்காலம் நினைவில் இல்லை. என்ன செய்வது?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, வேதத்தில் 1,189 அதிகாரங்கள். வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் தினமும் மூன்றுக்கு மேல் வாசித்தாக வேண்டும். அப்படி வாசிப்பது நல்லதுதான், ஆனால் நீங்கள் கேட்பது நினைவில் நிற்பதைப் பற்றி, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்கு அட்டவணையை எடுத்துவைத்துவிட்டு பிலிப்பியர் நிருபத்தை மட்டும் எடுங்கள். நாலே அதிகாரம், சத்தமாக வாசித்தால் கால்மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஆகும். தினமும் முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். இரண்டாவது வாரத்தில், இதை எழுதுகிற பவுல் காவலில் இருக்கிறார் என்பது தலையில் தங்கிவிடும். எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்தனுப்பிய உதவிக்காகப் பிலிப்பி சபைக்கு நன்றி சொல்கிறார் என்பதும் தெரியவரும். அப்புறம் 4:13-க்கு வருவீர்கள். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று ஆட்டோ கண்ணாடியிலும் பரீட்சை அட்டையிலும் பார்த்த வசனம்தான். முந்தின இரண்டு வசனங்களோடு சேர்த்துப் படித்தால், பட்டினியானாலும் திருப்தியானாலும் மனரம்மியமாக இருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். பரீட்சையில் தோற்றுப்போன பையனும் பிடித்துக்கொள்ளக் கூடிய வசனமாகிவிடுகிறது அது.

மனப்பாடம் செய்யுங்கள், ஆனால் ஞாயிறு பள்ளி வசனப் போட்டிக்குப் படித்த மாதிரி எண்ணிக்கைக்காக வேண்டாம், ஒரு பத்தியாக எடுத்துப் படியுங்கள். வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்த பிசாசும் வசனம்தான் சொன்னான், 91-ம் சங்கீதத்திலிருந்து. இயேசு கொடுத்த மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து வந்தவை, இஸ்ரவேல் வனாந்தரத்தில் பசித்த கதையைச் சொல்லுகிற பகுதி. 40 நாள் பசியோடு, புரட்டிப் பார்க்கச் சுருள் எதுவும் இல்லாத இடத்தில், தன் நிலைமைக்குப் பொருந்துகிற வசனம் அவருக்குள் இருந்தது.

லேவியராகமத்துக்கு அப்புறமாகத் திரும்பி வாருங்கள், எபிரெயர் நிருபத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு வாசித்தால் அந்தப் பலிகளும் ஆசாரியனும் எதற்கு என்று விளங்கும். தனியாக முடியாவிட்டால் யாரிடமாவது கேளுங்கள். ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போன எத்தியோப்பிய மந்திரியே, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று பிலிப்புவை ஏற்றிப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

கேள்வி: என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டே பல சங்கீதங்கள் மனப்பாடம். வாசிக்காமல் வேதத்தில் வளர முடியாது என்று ஒருவர் சொன்னதிலிருந்து அழுகிறார். என்ன சொல்லித் தேற்றுவது?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நெகேமியாவின் காலத்தில் காலையிலிருந்து மத்தியானம்வரை நின்று கேட்ட ஜனங்களின் கையில் புத்தகம் எங்கே இருந்தது? பவுலின் நிருபங்களும் சபையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டவைதான், எல்லோருக்கும் இது வாசிக்கப்படவேண்டும் என்று தெசலோனிக்கேயருக்கு அவரே ஆணையிட்டு எழுதுகிறார். விசுவாசம் கேள்வியினால், அதாவது காதால் கேட்பதினால், வரும் என்று ரோமர் 10:17 சொல்லுகிறதை அம்மாவிடம் சொல்லுங்கள், அவர்களுக்கே அது தெரிந்திருக்கலாம். அப்புறம் நீங்கள் ஒரு காரியம் செய்யலாம். அவர்கள் மனதில் இருக்கிற சங்கீதங்களில் ஒன்றைச் சொல்லச் சொல்லி, தாவீது எந்தச் சூழ்நிலையில் அதைப் பாடினான் என்று தலைப்பில் இருந்தால் அதை வாசித்துக் காட்டி, சாமுவேலின் புஸ்தகத்தில் அந்தச் சம்பவம் வருகிற பகுதியையும் படித்துக் காட்டுங்கள். 51-ம் சங்கீதத்தில் ஆரம்பியுங்கள், அதற்கு 2 சாமுவேல் 11, 12 அதிகாரங்கள். படிக்கத் தெரிந்த நீங்களும், மனப்பாடமாகத் தெரிந்த அவர்களும் சேர்ந்து உட்காருங்கள்.