பச்சைக் கிரேயான்

அன்புள்ள ஐயா,

சிறார் இலக்கியத்தின் பழைய, நேர்த்தியான பதிப்புகளைச் சேர்ப்பவன் நான். பன்னிரண்டு வருடங்களாகத் தேடித் தேடி வாங்கியதில் எழுபது புத்தகங்கள் தேறும். பெரும்பாலும் தோல் அட்டை, ஓரங்களில் பொன்பூச்சு. கண்ணாடி அலமாரியில் பூட்டித்தான் வைத்திருப்பேன். போன வாரம் பூட்ட மறந்த ஒரு மாலையில், ஆறு வயது மகள் ‘ஆலிஸின் அற்புத உலகம்’ புத்தகத்தை உருவி எடுத்து ஒரு பக்கம் முழுக்கப் பச்சைக் கிரேயானால் வரைந்துவிட்டாள். இழுத்த வேகத்தில் புத்தக முதுகின் மேல்முனையும் கிழிந்துவிட்டது. கோபத்தில் அவள் கையில் ஓர் அடி வைத்துவிட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

என் கேள்விகள்: கிரேயானை நீக்க வழி உண்டா? தோலுக்கு எண்ணெய் தடவ வேண்டுமா? துணி அட்டையிலேயே இருக்கும் பத்துப் பன்னிரண்டு பழைய புத்தகங்களை, வரிசையில் ஒன்றுபோல் இருக்கட்டும் என்று தோல் பைண்டிங் செய்ய நினைக்கிறேன், சரிதானா? இவற்றை ஒரு முதலீடாகக் கருதலாமா? மகளிடம் எந்த வயதில் கொடுக்கலாம்?

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

வழக்கமாக இப்படிப்பட்ட கடிதங்களுக்குத் தனியாக நாலு வரி எழுதி முடித்துவிடுவேன். உங்கள் கடிதம் வந்த நேரம், அலமாரியைத் தூசி தட்டும்போது கையில் வந்த ஒரு புத்தகத்தை உள்ளே வைக்க மனமில்லாமல் இரண்டு நாளாக மேசையிலேயே போட்டு வைத்திருந்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன்.

பூட்ட மறந்தது நீங்கள். அடி வாங்கியது அவள். ஒரு பெண் முயலின் பின்னால் ஓடிப் பள்ளத்தில் விழும் கதையை வாங்கி, தோல் போர்த்தி, பொன்பூசி, அவள் கண்ணுக்கு நேராக, கைக்கு எட்டும் உயரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இத்தனை வருடமாக வைத்திருக்கிறீர்கள். அவள் ஆறு வருடம் பொறுத்திருந்தாளே, அதுவே பெரிது. தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. வரக்கூடாதுதான்.

சரி, சின்னக் கேள்விகளை முடித்துவிடுவோம். கிரேயான் என்பது மெழுகு. ரப்பரால் தேய்த்தால் நிறம் தாளின் இழைக்குள் இறங்கிப் பரவும். இஸ்திரிப் பெட்டியால் உருக்கி எடுக்கும் வித்தை எல்லாம் துணிக்குத்தான். தாளில் மெழுகு ஊறி எண்ணெய்க்கறை மாதிரி நிரந்தரமாக நின்றுவிடும். எதிர்ப்பக்கத்தில் ஒட்டாமல் இருக்க அமிலமில்லாத மெல்லிய தாள் ஒன்றை இடையில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். தோலுக்கு எண்ணெய் வேண்டாம். ஒரு காலத்தில் பெரிய நூலகங்களே தடவிக்கொண்டிருந்தன. தோல் கறுத்துப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்துத் தோல் செம்பொடியாக உதிர்ந்து கையில் ஒட்டினால், அது தோலுக்குள் ஏறிவிட்ட அமிலத்தின் வேலை. எண்ணெயால் தீராது. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொள்கிறேன் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். கையுறை போட்ட விரலுக்குத் தாளின் முனை தெரியாது, கிழித்துவிடும். கழுவித் துடைத்த கை போதும்.

முதுகின் மேல்முனை கிழிந்ததற்கு அவளை மட்டும் சொல்லாதீர்கள். புத்தகத்தின் தலையில் ஒரு விரலைக் கொக்கி மாதிரி போட்டு இழுப்பதுதான் எல்லோர் பழக்கமும், உங்கள் பழக்கமும் அதுவாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் உள்ள புத்தகங்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் இருப்பதை இடுப்பில் பிடித்து எடுக்க வேண்டும். அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். ஆறு வயதில் கற்றால் அறுபதிலும் மறக்காது. முதலீடு பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

இப்போது பைண்டிங். இங்கேதான் எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

‘வரிசையில் ஒன்றுபோல் இருக்கட்டும்’ என்கிறீர்கள். எதற்கு ஒன்றுபோல் இருக்க வேண்டும்? அவை என்ன பள்ளிச் சீருடை போட்ட பிள்ளைகளா? பழைய புத்தகம் சேர்க்கிறவர்கள் பதிப்பாளர் போட்ட மூலத் துணி அட்டைக்குத்தான் ஏங்குகிறார்கள், எவ்வளவு நைந்திருந்தாலும். சென்ற நூற்றாண்டின் நல்ல பைண்டர்கள் புதுத் தோல் போட்டபோதும் பழைய துணி அட்டையைத் தூக்கி எறியாமல், புத்தகத்தின் கடைசியில் வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கே அந்த மரியாதை இருந்தது.

சிறார் நூல்கள் ஏன் அரிதாகின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? குறைவாக அச்சிட்டதால் மட்டும் அல்ல. அமெரிக்கக் குடியேற்றங்களில் குழந்தைகள் எழுத்துப் படிக்க ‘நியூ இங்கிலாந்து பிரைமர்’ என்று ஓர் அரிச்சுவடி இருந்தது. 1690-ஐ ஒட்டி பாஸ்டனில் வெளிவந்தது. பிறகு திரும்பத் திரும்பப் பல லட்சம் அச்சானது. இன்று கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய பிரதி 1727-இல் அச்சானது. அதற்கு முன்னால் முப்பது நாற்பது வருடங்கள் அச்சான பிரதிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தீப்பிடிக்கவில்லை, யாரும் தடை செய்யவில்லை. குழந்தைகள் படித்தார்கள், அவ்வளவுதான். புரட்டிப் புரட்டி, கடித்து, கிழித்து, தம்பிக்குக் கொடுத்து, அவன் தன் பங்குக்குக் கிழித்து. நாம் அலமாரியில் வைத்திருப்பவை குழந்தைகளிடமிருந்து தப்பித்து ஓடி வந்த பிரதிகள். நான் உள்பட நாம் எல்லோரும் சேர்ப்பது அந்த அகதிகளைத்தான்.

உங்கள் ‘ஆலிஸை’யே எடுத்துக்கொள்ளுங்கள். 1865-இல் முதல் பதிப்பு இரண்டாயிரம் அச்சானது. ஓவியர் டென்னியலுக்குப் படங்கள் அச்சான விதம் பிடிக்கவில்லை. கதையை எழுதிய லூயிஸ் கேரோல் பதிப்பையே நிறுத்திவிட்டு, நண்பர்களுக்கு அனுப்பியிருந்த பிரதிகளையும் திருப்பிக் கேட்டார். அச்சான தாள்கள் பிறகு நியூயார்க்கில் ஒரு பதிப்பகத்துக்குப் போயின. திரும்பி வந்த பிரதிகளை அவர் என்ன செய்தார் தெரியுமா? மருத்துவமனைகளுக்குக் கொடுத்துவிட்டார், அங்கே படுத்திருக்கும் குழந்தைகள் படிக்கட்டும் என்று. இன்று உலகத்தில் இருபத்துச் சொச்சம் பிரதிகள்தான் இருக்கின்றன. சேகரிப்பாளர்கள் கனவில் காணும் புத்தகம் அது. எழுதியவருக்கு அது கழித்துக் கட்டிய சரக்கு, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை வைத்துக்கொள்ளட்டும் என்று விட்ட சரக்கு.

கிறுக்கல் என்றதும் முகம் சுளிக்கிறோமே, எல்லாக் கிறுக்கலுக்குமா சுளிக்கிறோம்? 1937-இல் டோல்கீன் எழுதிய ‘ஹாபிட்’ கதையின் முதல் பதிப்பு ஆயிரத்து ஐந்நூறு பிரதி வந்தது. மேலுறையை அவரே வரைந்தார். அந்த மேலுறையின் பின்மடிப்பில் கேரோலின் இயற்பெயரான டாட்ஜ்ஸன் என்பதில் ஓர் எழுத்து கூடுதலாக அச்சாகிவிட்டது. அதைப் பேனாவால் அடித்து விற்றார்கள். இன்று சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடி வைத்து அந்தப் பேனாக் கோட்டைத் தேடுகிறார்கள், இருந்தால் சந்தோஷப்படுகிறார்கள். யாரோ ஓர் அலுவலக ஊழியர் சலிப்போடு இழுத்த கோடு அது. அதற்குக் கும்பிடு, உங்கள் மகளின் பச்சைக் கோட்டுக்கு அடி!

மேசையில் கிடக்கும் புத்தகத்துக்கு வருகிறேன்.

‘புதையல் தீவு’. முதல் பதிப்பு எல்லாம் இல்லை. பிற்காலத்து மறுபதிப்பு, துணி அட்டை, முனைகள் நைந்து பஞ்சு தெரியும். எனக்கு முப்பது வயதிருக்கும்போது பழைய புத்தகக் குவியலில் கிடைத்தது. வாங்கி வந்து புரட்டிய பிறகுதான் பார்த்தேன், வலப்பக்கங்களின் மேல் மூலையில், ஒவ்வொரு தாளிலும், பென்சிலால் ஒரு குட்டி மனிதன், கதையில் வரும் கடற்கொள்ளையன். ஒற்றைக்கால், கக்கத்தில் ஊன்றுகோல், தோளில் கிளி. கட்டைவிரலை மூலையில் வைத்துச் சர்ரென்று விட்டால் அவன் தத்தித் தத்தி நடப்பான். ஊன்றுகோல் முன்னால் போகும், பிறகு கால், பிறகு ஊன்றுகோல். நூற்றைம்பதாவது பக்கம் தாண்டியதும் கிளி தோளைவிட்டு எழும்பும். நூற்றெண்பதோடு படம் நின்றுவிடும். பென்சில் தீர்ந்ததோ, கதை இழுத்துக்கொண்டு போனதில் வரைய மறந்ததோ. மறந்துபோனதாகத்தான் நான் நினைத்துக்கொள்வேன். யார் வரைந்தது என்று எங்கும் பெயர் இல்லை.

எனக்கு அப்போது உங்களுக்கு இருக்கும் அதே வியாதி. அதைத் தோல் பைண்டிங்குக்குக் கொடுத்தேன். கருஞ்சிவப்பு ஆட்டுத்தோல், முதுகில் ஐந்து மேட்டுப் பட்டைகள், மூன்று பக்கமும் பொன்பூச்சு. “படங்கள் பத்திரம்” என்று பைண்டரிடம் சொல்லவும் செய்தேன். அவர் தலையாட்டினார். சொன்னபடியே அச்சுப் படங்கள் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய காப்புத்தாள் வைத்துத் தைத்திருந்தார். மூலையில் இருந்ததை அவர் படம் என்று நினைக்கவில்லை, அழுக்கு என்று நினைத்திருக்கிறார். பொன்பூச வேண்டுமானால் ஓரம் சமமாக இருக்க வேண்டும், ஆகவே கால் அங்குலம் வெட்டிவிட்டார்.

இன்றும் விரலை வைத்துப் புரட்டினால் அவன் நடக்கிறான். தலை இல்லாமல். ஓர் ஊன்றுகோல், ஒரு கால், பாதி உடம்பு. கிளி அடியோடு போய்விட்டது. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும், தாள் கொஞ்சம் உள்வாங்கித் தைக்கப்பட்டதால், பொன் ஓரத்தை ஒட்டி அதன் வால் தெரிகிறது. மூன்று கோடு. முன்னட்டையில் நான் கேட்காமலே பொன்னில் ஒரு பாய்மரக் கப்பல் போட்டுக் கொடுத்திருந்தார் அந்த மனிதர். மிக நன்றாகப் போட்டிருந்தார், அதுதான் கொடுமை. என் அலமாரியிலேயே அழகான புத்தகம் அதுதான். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் எடுக்கிறார்கள்.

அந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை நான் பிற்பாடுதான் படித்தேன். 1881-இல் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் ஓயாத மழை. அதை எழுதிய ஸ்டீவன்சன் தன் மனைவியின் மகனோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தார். விடுமுறைக்கு வந்திருந்த பள்ளிப் பையன், கையில் ஒரு சாயப்பெட்டி. பையனோடு உட்கார்ந்து வண்ணம் தீட்டியபோது வந்ததுதான் தீவின் வரைபடம். அதைப் பார்க்கப் பார்க்கக் கதை வந்தது. பதிப்பகத்துக்கு அனுப்பியதில் அந்த வரைபடம் தொலைந்துபோனது. எழுதிய கதையிலிருந்து தூரங்களை எல்லாம் கணக்கெடுத்து, அப்பாவின் அலுவலகத்தில் வைத்து, கப்பலும் திமிங்கலமும் சேர்த்து நேர்த்தியாக மறுபடி வரைந்தார்கள். 1883-இல் புத்தகத்தில் அதுதான் அச்சானது. ஆனால் அது தனக்குப் புதையல் தீவாகவே படவில்லை என்று ஸ்டீவன்சன் பின்னால் எழுதினார். தலையற்ற என் ஒற்றைக்காலனை மடியில் வைத்துக்கொண்டு அதைப் படித்தேன்.

தோல் பைண்டிங்கே பாவம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அந்த வாசனை பிடிக்கும். ஆர்தர் ராக்கம் வரைந்து 1906-இல் வந்த ‘பீட்டர் பான்’ மாதிரி, ஐந்நூறு பிரதி, கையெழுத்து, வெண்தோல் அட்டை என்று திட்டமிட்டுப் போட்ட பரிசுப் பதிப்புகள் பிறக்கும்போதே பெரியவர்களின் வரவேற்பறைக்குப் பிறந்தவை. அவற்றைப் பூட்டி வையுங்கள், தாராளமாக. இப்போது புதிதாகத் தோல் போட்டு வரும் பதிப்புகளும் அந்தச் சாதிதான். ஆனால் துணி அட்டையில் நைந்து கிடக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு? அவை குழந்தைகள் கையில் இருந்துவிட்டு வந்தவை. ஒவ்வொன்றையும் தாள் தாளாகப் பார்த்தீர்களா? மூலைகளைப் பார்த்தீர்களா? அட்டையின் உள்பக்கம்? பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள்.

எந்த வயதில் கொடுக்கலாம் என்ற கேள்வி காலாவதியாகிவிட்டது, அவளே எடுத்துக்கொண்டாள். பியாட்ரிக்ஸ் பாட்டர் 1901-இல் தன் முயல் கதையைத் தானே இருநூற்றைம்பது பிரதி அச்சிட்டபோது, சின்னக் கைக்குள் அடங்கும் அளவில்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பதிப்பாளர்கள் கேட்ட பெரிய அளவை ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் ‘ஆலிஸ்’ எடை அதிகமாக இருக்கும். தரையில் ஒரு தலையணை போட்டு, அதன்மேல் வைத்துப் புரட்டச் சொல்லுங்கள். அட்டை மூட்டு பிளக்காமல் இருக்கும். கூட உட்காருங்கள். முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு.

இன்னொன்று. பச்சைக் கிரேயான் என்று எழுதியிருக்கிறீர்கள், முழுப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், முதுகு எவ்வளவு கிழிந்தது என்பதுகூடத் தெரிகிறது. என்ன வரைந்தாள் என்று எழுதவே இல்லையே? கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.

பி.கு.: இவ்வளவு சொல்லியும் பைண்டரிடம்தான் போவீர்கள் என்று தெரியும். போனால், ‘ஓரம் வெட்டக்கூடாது’ என்று ஒரு துண்டுத் தாளில் பெரிதாக எழுதி முதல் பக்கத்துக்குள் வையுங்கள். மூலையில் ஏதாவது இருந்தால் விரலை அதன்மேல் வைத்துக் காட்டுங்கள். நான் வாயால்தான் சொன்னேன்.