குடமும் இரண்டு மாம்பழமும்

கேள்வி: சித்திர வகுப்பில் என் மகள் மூன்று வாரமாக ஒரு குடத்தையும் இரண்டு மாம்பழத்தையுமே வரைந்துகொண்டிருக்கிறாள். கேட்டால் ‘ஸ்டில் லைஃப்’ என்கிறாள். உயிரில்லாத பொருளைப் பார்த்து அப்படியே வரைவதற்குப் பெயரா கலை? போனில் ஒரு படம் எடுத்தால் போதாதா?
- ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: உயிரில்லாதது என்று சொன்னவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் மொழியில் இதற்குப் பெயரே ‘செத்த இயற்கை’. 1667இல் பாரிஸில் ஃபெலிபியன் என்பவர் ஓவிய வகைகளுக்கு வரிசை போட்டபோது, பழமும் பூவும் வரைபவர்களைக் கடைசி வாங்கில் உட்காரவைத்தார். நீங்களும் அவர் கட்சிதான் போலிருக்கிறது.

ஆங்கிலப் பெயர் வந்தது ஒல்லாந்தரின் ‘ஸ்டில்லேவன்’ என்ற சொல்லிலிருந்து: அசையாமல் இருக்கும் உயிர். ஒல்லாந்து ஓவியர் பீட்டர் கிளாஸ் 1627இல் வரைந்த விருந்து மேசை ஒன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வான்கோழிப் பை, சிப்பி, பாதி தோல் சீவிய எலுமிச்சை, அப்புறம் அச்சுத் தாளைச் சுருட்டிய ஒரு சரை. காலிமுகத்திடலில் கச்சான் வாங்குவோமே, அதே மாதிரிச் சரை. அதில் இருப்பது மிளகு. அவர்கள் ஊரில் மிளகு காய்க்காது, கீழைத்தேசத்திலிருந்து கப்பலில் போக வேண்டும். 29 வருடம் கழித்து, 1656இல், கறுவாவில் கண் வைத்த அதே ஒல்லாந்தர் கொழும்பையே பிடித்துவிட்டார்கள். அந்த மேசையில் கிடப்பது வெறும் பலசரக்கு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்படியே வரைவது என்பதும் சரியில்லை. இத்தாலிய ஓவியர் கரவாஜியோ வரைந்த பழக்கூடையில் முன்னால் இருக்கும் ஆப்பிளில் புழு துளைத்த ஓட்டை. ஓரத்து இலைகள் காய்ந்து சுருண்டிருக்கின்றன. அழகான ஆப்பிள் கிடைக்காமலா அதை வரைந்தார்? பிரெஞ்சு ஓவியர் செசான் வரைந்த சில மேசைகளில் துணிக்கு இடப்பக்கம் தெரியும் விளிம்பும் வலப்பக்கம் தெரியும் விளிம்பும் ஒரே கோட்டில் சேராது. ஒரு பக்கத்தை ஒரு விதமாகவும் மறுபக்கத்தை வேறு விதமாகவும் பார்த்து வரைந்த மேசை அது. உங்கள் போன் ஒரே இடத்தில் நின்று ஒரு கணம்தான் பார்க்கும்.

மூன்று வாரம் என்றீர்கள். மாம்பழம் அதேதானா, மாற்றி வைக்கிறார்களா? மாற்றினால் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு கறுத்தக்கொழும்பானை வாங்கி வைத்துவிட்டு, காம்படியில் கறுப்பு எப்படிப் பரவுகிறது என்று மகளோடு நீங்களும் தினம் பாருங்கள். எறும்பு வந்தால் துரத்த வேண்டாம். ஒல்லாந்தர் அதையும் வரைந்தார்கள்.