இந்த மரவீட்டுக்கு வயது என்ன: 150-ஆ, 1,380 கோடியா?

கேள்வி: நான்கு தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் இருக்கும் மரவீடு இது. தூண், உத்தரம், மச்சு, கதவு எல்லாமே மரம். பெரும்பாலும் தேக்கு என்கிறார்கள். ‘நூற்றைம்பது வருஷத்து வீடு’ என்று பெரியவர்கள் சொல்வதைத் தவிர பத்திரமோ குறிப்போ எதுவும் இல்லை. பிள்ளைகளுக்காக வீட்டின் வரலாற்றை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பத்து வயது மகள் பக்கத்தில் வந்து, ‘வீட்டுக்கு முன்னாடி மரம், மரத்துக்கு முன்னாடி என்னப்பா? அதுக்கும் முன்னாடி?’ என்று கேட்டுக்கொண்டே போகிறாள். உண்மையில் எவ்வளவு தூரம் பின்னால் போக முடியும்? கார்பன் சோதனைக்கு அனுப்பலாமா? தூணில் துளை போடுவதென்றால் அம்மா சம்மதிக்கவே மாட்டார்.

பதில்: 1,380 கோடி ஆண்டு வரை போகலாம். வேடிக்கை என்னவென்றால், அந்த 1,380 கோடியைப் பற்றி எனக்கு அதிகம் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் பெரியவர்கள் சொன்ன அந்த 150-இல்தான். எனவே கஷ்டமானதிலிருந்தே தொடங்குவோம்.

சோதனைச்சாலை பிறகு. முதலில் ஒரு டார்ச் விளக்கு. இருட்டியதும் உத்தரத்தின் மேல் வெளிச்சத்தை நேராக அடிக்காமல், மரத்தை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகலில் வழவழப்பாகத் தெரிந்த மரத்தில் மேடுபள்ளங்கள் எழுந்து நிற்கும். கரண்டியால் வழித்ததுபோல் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் வாய்ச்சியால் செதுக்கியது. சாய்வும் இடைவெளியும் மாறி மாறிப் போகும் கோடுகள் என்றால் இரண்டு பேர் இழுத்த கை ரம்பம். கோடுகள் வில்லாக வளைந்திருந்தால் வட்ட ரம்பம். அது 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. ஆணியும் பேசும். கையால் அடித்த ஆணி சதுரமாக, நுனி நோக்கி ஒடுங்கியிருக்கும். உருண்டைக் கம்பி ஆணி பெருவழக்கானது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஆனால் ஓர் ஆணியை வைத்து வீட்டுக்கு வயது சொல்லிவிடாதீர்கள். அது போன வருஷம் பழுது பார்த்தவர் அடித்ததாகவும் இருக்கலாம்.

முக்கியமாகத் தேட வேண்டியது வேலையில்லாத துளைகளை. ஒரு தூணில் எந்தச் சட்டமும் வந்து சேராத பழைய துளை இருந்தால், அந்தத் தூண் இதற்குமுன் வேறெங்கோ நின்றிருக்கிறது என்று அர்த்தம். நல்ல மரத்தை யாரும் எறிவதில்லை; ஒரு வீட்டைப் பிரித்து இன்னொன்றைக் கட்டுவார்கள். வேலைக்கு வந்த புதிதில் இந்தப் பாடத்தை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரே ஒரு உத்தரத்தை நம்பி ஒரு வீட்டுக்கு வயது சொல்லி, அடுத்த மாதம் மச்சில் ஏறிப் பார்த்தபோது அந்த உத்தரத்தின் மறுபக்கம் முழுக்கப் பழைய துளைகள். ஜப்பானில் ஹோரியூஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரத்தில் நடு மரம் 594-இல் வெட்டப்பட்டது என்று மரத்தின் ஆண்டு வளையங்கள் காட்டின. கோயிலோ 670-இல் எரிந்துபோனது என்கிறது அந்நாட்டுப் பழைய வரலாற்று நூல்; பிறகுதான் திரும்பக் கட்டினார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்த மரம் எங்கே இருந்தது என்று இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. மரத்தின் வயது வேறு, வீட்டின் வயது வேறு. இதை உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது வளையங்கள். உங்கள் வீடு தேக்கு என்பது அதிர்ஷ்டம். வெப்பமண்டல மரங்களில் பலவற்றுக்கு ஆண்டு வளையம் தெளிவாக விழாது; தேக்குக்கு விழும். மச்சுக்குள் யார் கண்ணிலும் படாத உத்தர முனை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கட்டைவிரல் அகலத்துக்குப் புது பிளேடால் மெல்லச் சீவி, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வையுங்கள். ஊசியால் வரிசையாகக் குத்தியதுபோல் பெரிய துளைகள் தெரியும். அந்த வரிசைதான் ஒரு வளர்பருவத்தின் தொடக்கம். அங்கிருந்து அடுத்த வரிசை வரை ஓர் ஆண்டு. நல்ல மழை பெய்த வருஷம் அகலமாக, காய்ந்த வருஷம் நெருக்கமாக இருக்கும். மகளை எண்ணச் சொல்லுங்கள், பத்து வளையத்துக்கு ஒரு குண்டூசி.

எண்ணினால் அந்த மரம் குறைந்தது எத்தனை வருஷம் நின்றது என்று தெரியும். எந்த வருஷம் வெட்டினார்கள் என்பது தெரியாது. அதற்கு, வளையங்களின் அகலம் ஏறி இறங்கும் முறையை, ஆண்டு தெரிந்த வேறொரு வளையத் தொடரோடு பொருத்த வேண்டும். இந்த முறையை உருவாக்கியவர் தாவர அறிஞர் அல்ல, ஏ. இ. டக்ளஸ் என்ற அமெரிக்க வானியலாளர். சூரியப் புள்ளிகளின் 11 ஆண்டுச் சுழற்சி மரத்தில் பதிந்திருக்குமா என்று தேடப் போனவர், 1929-இல் அரிசோனாவில் கிடைத்த கருகிய ஒரு கட்டையை வைத்துப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு ஆண்டு சொல்லிவிட்டார். தேக்குக்கும் இது புதிதல்ல. ஜாவாவில் பெர்லாகே என்ற ஆய்வாளர் 1931-லேயே நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொடரை வெளியிட்டார். பொருத்திப் பார்க்க 50 வளையமாவது வேண்டும், 80-க்கு மேல் இருந்தால் நிம்மதி.

ஒரு சிக்கல் உண்டு. மரத்தின் நடுவிலுள்ள கெட்டியான வைரப்பகுதியைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதியைப் பூச்சி சீக்கிரம் தின்னும் என்பதால், நல்ல தச்சர் அதைச் செதுக்கி எறிந்திருப்பார். அதோடு கடைசி வளையங்களும் போய்விடும். அப்போது ‘இந்த ஆண்டுக்குப் பிறகு வெட்டியது’ என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஆகவே அழகாக இழைத்த தூணை விடுங்கள். மச்சுக்குள் பட்டையின் சுவடு ஒட்டிக்கொண்டிருக்கும் கரடுமுரடான கைமரம் (கூரைச் சட்டம்) ஏதாவது இருக்கிறதா பாருங்கள். வீட்டிலேயே விலை மதிப்புள்ள மரம் அதுதான்.

சரி, கார்பன் சோதனை. ஒரே ஒரு துண்டை அனுப்புவதாக இருந்தால் வேண்டாம் என்பேன். மரத்தில் இருக்கும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 பாதியாகக் குறைய சுமார் 5,730 ஆண்டு ஆகும். 150 ஆண்டில் குறைவது 2 சதவீதத்துக்கும் கீழே. போதாக்குறைக்கு, ஏறக்குறைய 1650-க்குப் பிறகான காலத்துக்கு, கார்பன்-14 அளவை ஆண்டாக மாற்றித் தரும் வளைகோடு மேலும் கீழுமாக ஆடுகிறது; ஒரே அளவுக்கு 17-ஆம் நூற்றாண்டின் கடைசியும் பொருந்தலாம், 18-ஆம் நூற்றாண்டும் பொருந்தலாம், அதற்குப் பின்னும் பொருந்தலாம். பணத்தைக் கொடுத்துக் குழப்பத்தை வாங்கி வருவீர்கள். ஒரே மரத்தின் பல வளையங்களை, இடையில் எத்தனை வருஷம் என்று எண்ணி அனுப்பினால் கதை வேறு. ஒரு தூண் பிற்காலத்தில் மாற்றப்பட்டதா என்று அறியவும் இது உதவும். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரட்டிப்பானது; அந்தக் காலத்தில் வளர்ந்த மரம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மகளின் கேள்விக்கு வாசல் திறப்பதும் இந்தக் கார்பன்-14தான். பூமியில் அது விண்வெளியின் தயவால் உருவாகிறது. அண்டக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தைத் தாக்கும்போது நியூட்ரான்கள் சிதறுகின்றன. அவற்றில் ஒன்று நைட்ரஜன் அணுவில் மோதினால் கார்பன்-14. அது காற்றோடு கலந்து, இலைக்குள் புகுந்து, அந்த வருஷத்து வளையத்தில் உட்கார்ந்துவிடும். கி.பி. 774-775இலும் 993-இலும் இந்த உற்பத்தி திடீரென எகிறியதை, ஃபூசா மியாகே என்ற ஜப்பானிய விஞ்ஞானி பழைய மரங்களின் வளையங்களில் கண்டுபிடித்தார். சூரியனின் பெரும் சீற்றம் காரணம் என்று கருதப்படுகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் வெட்டிப்போட்ட மரத்துண்டுகளில் அந்த 993 வளையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பட்டை வரை விரல்விட்டு எண்ணி, 1021-இல் வெட்டியவை என்று 2021-இல் அறிவித்தார்கள்.

உங்கள் வீட்டுத் தூண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 25 சென்டிமீட்டர் சதுரம், 3 மீட்டர் உயரம் என்றால் எடை ஏறத்தாழ 120 கிலோ. அதில் பாதி, 60 கிலோ, கார்பன். அதற்குள் நொடிக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கார்பன்-14 அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. பயப்பட வேண்டாம், நம் உடம்பிலும் இதே நடக்கிறது.

இந்த 60 கிலோ எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வான் ஹெல்மாண்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். 5 பவுண்டு கன்று 169 பவுண்டு மரமானது. மண்ணில் குறைந்ததோ ஓரிரு அவுன்ஸ். எல்லாம் தண்ணீர்தான் என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்தபின் 1648-இல் அச்சான நூலில் இது இருக்கிறது. பாவம், காற்றை விட்டுவிட்டார். தொழிற்சாலைக் காலத்துக்கு முந்தைய காற்றில் பத்தாயிரத்தில் மூன்று பங்குகூடக் கரியமில வாயு கிடையாது. அந்த 60 கிலோவைச் சேர்க்க உங்கள் மரம் நான்கு லட்சம் கன மீட்டருக்கு மேற்பட்ட காற்றிலிருந்த கரியமில வாயு முழுவதையும் வடிகட்டியிருக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 75 மீட்டர் உள்ள ஒரு பெட்டியளவு காற்று, ஒரே தூணுக்கு. தூணிலுள்ள ஆக்சிஜனும் பெரும்பாலும் கரியமில வாயுவிலிருந்து வந்ததே. வேர் உறிஞ்சிய நீர் கொடுத்தது ஹைட்ரஜனை. இலை வெளிவிடும் ஆக்சிஜன் நீரிலிருந்து பிரிந்தது என்று 1941-இல் காட்டியவர்களில் இருவர் ரூபனும் கேமனும். அதற்கு முந்தைய ஆண்டு கார்பன்-14ஐக் கண்டுபிடித்ததும் இதே இருவர்தான்.

இதையெல்லாம் செய்யத் தெரிந்த மரம் எப்போது வந்தது? மரத்தின் பச்சை வேலையைச் செய்யும் பசுங்கணிகம், நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வேறோர் உயிரணுவுக்குள் குடிபுகுந்த நீலப்பச்சை நுண்ணுயிரின் வாரிசு. செடிகள் தரைக்கு வந்தது 47 கோடி ஆண்டு வாக்கில். கட்டை என்று சொல்லக்கூடிய திசு சுமார் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய புதைபடிவங்களில் முதலில் தெரிகிறது, அதுவும் விரல் பருமன்கூட இல்லாத செடிகளில். உயரமாக நிற்பதற்காக அது தோன்றவில்லை. தண்ணீரை மேலே இழுக்கும் குழாய்கள் நசுங்காமல் இருக்கத்தான் என்று நினைக்கிறார்கள். கூரையைத் தாங்குவது மரத்துக்கு வாய்த்த உபரித் தொழில். அந்தக் குழாய்களை இறுக்கும் பசையான லிக்னினை அழிக்கும் வெண்ணழுகல் பூஞ்சைகள் சுமார் 30 கோடி ஆண்டு வாக்கில் வந்தன. கரையான் மிகவும் பின்னால் வந்தது, கரப்பான் குடும்பத்தின் ஒரு கிளையாக. வயதில் உங்கள் மரத்தின் பரம்பரை மூத்தது என்பதற்காகக் கரையான் மருந்து அடிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

இனி அணுக்கள். தூணின் எடையில் ஹைட்ரஜன் 6 சதவீதம்தான். ஆனால் அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணினால் கிட்டத்தட்ட பாதி ஹைட்ரஜன். அதன் கருக்கள் பெருவெடிப்பின் முதல் நொடி முடிவதற்குள் உருவானவை. 1,380 கோடி என்று நான் சொன்னது இதைத்தான். கார்பன் அப்போது கிடையாது. வயதான விண்மீன்களின் உள்ளே, பத்துக் கோடி டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில், மூன்று ஹீலியம் கருக்கள் சேர்ந்து அது பிறந்தது. இந்தச் சேர்க்கை போதிய வேகத்தில் நடக்க வேண்டுமென்றால் கார்பன் கருவுக்கு ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை இருந்தே ஆக வேண்டும் என்று ஃபிரெட் ஹாயில் என்ற வானியலாளர் அடித்துச் சொன்னார்; 1953-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தபோது இருந்தது. ஆக்சிஜனின் பெரும்பகுதி பெரிய விண்மீன்கள் வெடித்தபோது சிதறியது. ஆணியின் இரும்பும் விண்மீன் வெடிப்புகளின் மிச்சம்தான். இவையெல்லாம் கலந்த மேகத்திலிருந்துதான் 457 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனும் பூமியும் திரண்டன.

ஆக, ஒரே தூணில் மூன்று தலைமுறை அணுக்கள். பாட்டி ஹைட்ரஜன். நடுவே கார்பனும் ஆக்சிஜனும். கடைக்குட்டி கார்பன்-14; அதில் பல அணுக்கள், மரம் வளர்ந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டித்தான் பிறந்திருக்கும். மகளுக்கு இப்படிச் சொன்னால் பிடிக்கும் என்று தோன்றுகிறது.

கடைசியாக, அம்மாவின் ஆட்சேபம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தூணைத் தொடவே தேவையில்லை. மச்சிலுள்ள அந்தக் கரடுமுரடான கைமரத்தில், பட்டைப் பக்கத்திலிருந்து நடுவை நோக்கி, ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் குழல்வடிவத் துளை போட்டு ஒரு குச்சியை எடுத்தால் போதும். பழகியவர் கையால்தான் செய்ய வேண்டும். கூரையைத் தாங்கும் மரம், வீட்டுத் துரப்பணத்தை வைத்து முயல வேண்டாம். எடுத்த குச்சியைப் பாலித்தீன் பையில் போடாமல் காகிதத்தில் சுற்றி, எந்த மரம், எந்தப் பக்கம் வெளிப்பக்கம் என்று குறித்துவையுங்கள். துளையை அதே அளவு மர முளையால் அடைத்துவிடலாம்.

முளையின் பக்கவாட்டில், அடிப்பதற்கு முன், இந்த வருஷத்தைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். நிலக்கரி, பெட்ரோல் புகையில் கார்பன்-14 கிடையாது. அது காற்றில் கலக்கக் கலக்க, இன்றைய புதுமரமும் வருங்காலச் சோதனையில் பழைய மரம்போல் தெரியும். உங்கள் பேரப்பிள்ளைகள் யாரையாவது கூப்பிட்டு வயது பார்க்கச் சொன்னால், அவர் முளையில் கைவைத்து ஏமாந்துவிடக் கூடாது.