கணினியில் இருக்கிறது, குடோனில் காணோம்: கிடங்கு மென்பொருள் பற்றிய கேள்விகளும் பதில்களும்

மாங்காய் சீசன் முடிந்து, மாங்கூழ் கிடங்குகள் நிரம்பி நிற்கும் நேரம் இது. இந்த முறை தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சரக்கை அடுக்குவது, தேடுவது, அனுப்புவது பற்றியவைதான். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஆறாக்கியிருக்கிறேன்.

தர்மபுரியில் மளிகைப் பொருள் ஏஜென்சி நடத்துகிறேன். சுமார் 700 ஐட்டம். கடை கடையாகச் சரக்கு கொண்டுபோகும் லைன் வண்டி காலை 9 மணிக்குக் கிளம்ப வேண்டியது, 11 மணிக்குத்தான் கிளம்புகிறது. எது எங்கே இருக்கிறது என்பது ஒரே ஒரு பையனுக்குத்தான் தெரியும். அவன் லீவு போட்டால் அன்றைக்கு எல்லாமே தடுமாறுகிறது. மென்பொருள் வாங்கினால் சரியாகுமா?

சரியாகும். ஆனால் அதற்கு முன்னால், அந்தப் பையன் மனதில் வைத்திருப்பதை குடோனின் மீது எழுதியாக வேண்டும். வரிசைக்கு ஓர் எழுத்து, ரேக்குக்கு ஓர் எண், தட்டுக்கு ஓர் எண் கொடுங்கள். 'இ-04-2' என்றால் இ வரிசையில் நாலாவது ரேக், கீழிருந்து இரண்டாவது தட்டு. வீட்டுக்குக் கதவு எண் போல. இந்த விலாசம் இல்லாமல் மென்பொருள் போட்டால், 40 பெட்டி இருக்கிறது என்று மட்டும் திரை சொல்லும். பையனைத்தான் மறுபடியும் கூப்பிட வேண்டியிருக்கும்.

அடுத்து, சரக்கு எடுக்கும் முறை. இப்போது ஒவ்வொரு கடை பில்லுக்கும் தனித்தனியாக குடோனைச் சுற்றி வருகிறார்கள் என்று நினைக்கிறேன். 50 கடை என்றால் 50 நடை. மென்பொருளில் ஒரு லைனின் பில்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, மொத்தம் எவ்வளவு எடுக்க வேண்டும் என்ற பட்டியலை விலாச வரிசைப்படி எடுக்கலாம். ஒரே சுற்றில் மொத்தத்தையும் எடுத்து வந்து, வாசலில் கடை வாரியாகப் பிரித்துக்கொள்ளலாம். நேரம் மிச்சமாவது பெரும்பாலும் இந்த நடையைக் குறைப்பதில்தான். வண்டியில் ஏற்றும்போது கடைசிக் கடை முதலில் ஏற வேண்டும். இண்டூர், பென்னாகரம், ஒகேனக்கல் என்று போகிற வண்டியில் ஒகேனக்கல் சரக்கு உள்ளே, இண்டூர் சரக்கு கதவோரம். பட்டியலையே அந்த வரிசையில் பிரித்துத் தரும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

வாசலுக்குப் பக்கத்தில் எதை வைப்பது? விலை அதிகமானதை அங்கே கொண்டுவந்து வைக்கிறார்கள். அதில் பயனில்லை. கடந்த மூன்று மாத பில்களில் எந்த ஐட்டம் அதிகமான பில்களில் வந்திருக்கிறது என்று பாருங்கள். விலை குறைந்த தீப்பெட்டிக் கட்டாக இருந்தாலும், தினமும் 40 பில்லில் வந்தால் அதற்குத்தான் முன் இடம், அதுவும் இடுப்பு உயரத்தில். பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் முன்னால் இந்தக் கணக்கை ஒருமுறை மாற்றிப் போடுங்கள்.

பர்கூர் பக்கம் மாங்கூழ் டிரம்களை வைத்து ஏற்றுமதிக்கு அனுப்புகிறோம். போன வருட பேட்ச் (ஒரே தடவையில் தயாரித்த கூழ்) பின்னால் மாட்டிக்கொள்கிறது. வாங்குபவர் குறிப்பிட்ட பேட்ச் கேட்டால் முன்னால் இருப்பதையெல்லாம் இழுத்து வெளியே வைக்க வேண்டியிருக்கிறது.

நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் இது. எனக்கு இதில் தனி அக்கறை உண்டு, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஒரு டிரம்மில் பொதுவாக 215 கிலோ கூழ், ஒரு பேலட்டில் (ஃபோர்க்லிஃப்ட் தூக்கும் அடித்தட்டில்) 4 டிரம். ஆறு பேலட் ஆழம், இரண்டு அடுக்கு உயரம் என்று ஒரு லேன் (ஒன்றன்பின் ஒன்றாகப் பேலட் வைக்கும் வரிசை) போட்டால் 48 டிரம், அதாவது 10 டன்னுக்கு மேல். இதில் இரண்டு பேட்ச் கலந்துவிட்டால் பின்னால் இருப்பது முன்னால் இருப்பதற்குப் பிணைக்கைதி. ஆகவே முதல் விதி: ஒரு லேனில் ஒரே பேட்ச். வேறு பேட்ச் டிரம்மை அந்த லேனில் வைக்கப் போனால் மென்பொருள் ஏற்கக் கூடாது.

இந்த விதியால் இடம் வீணாகுமே என்பீர்கள். உண்மைதான். பாதி காலியான லேன்கள் நிறைய வரும். அதற்காக எல்லா லேனையும் ஒரே ஆழத்தில் போடாதீர்கள். சீசன் உச்சத்தில் வரும் பெரிய பேட்சுகளுக்கு ஆழமான லேன், மிச்சம் மீதிக்கு இரண்டு பேலட் ஆழமுள்ள குட்டி லேன் சிலவற்றைச் சுவரோரம் ஒதுக்குங்கள். ஒரு லேனில் மூன்று பேலட்டுக்குக் கீழே வந்ததும் அதைக் குட்டி லேனுக்கு மாற்றச் சொல்லி மென்பொருளே வேலைச்சீட்டு கொடுக்கும்படி செய்யலாம். லோடு இல்லாத மதிய நேரத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் அதை முடித்துவிடுவார்.

எடுக்கும் வரிசையில் இன்னொரு விஷயம். முதலில் வந்தது முதலில் போகட்டும் என்பது பொது விதி. உணவுப் பொருளுக்கு, முதலில் காலாவதியாவது முதலில் போகட்டும் என்று வையுங்கள். இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்காது: வேறு ஆலையிலிருந்து வாங்கிய பழைய தேதி டிரம் நேற்றுத்தான் உங்கள் கிடங்குக்கு வந்திருக்கும். டிரம் கூழுக்கு ஆயுள் பெரும்பாலும் 18 முதல் 24 மாதம். வாங்குபவர்கள் பலர் இறக்குமதி ஆகும் நாளில் இத்தனை மாதமாவது மீதமிருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அந்த நிபந்தனையை வாடிக்கையாளர் பெயரோடு மென்பொருளில் பதிந்துவிட்டால், பொருந்தாத பேட்ச் பட்டியலிலேயே வராது. பேட்சோடு பிரிக்ஸ் (கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவு), அமிலத்தன்மை அளவுகளையும் பதியுங்கள். பெங்களூரா ரக மாங்கூழுக்கு குறைந்தது 14 பிரிக்ஸ், அல்போன்சா ரகத்துக்கு 16 என்று கேட்பது வழக்கம். பரிசோதனை முடிவு வரும்வரை அந்த பேட்ச் 'நிறுத்தம்' என்ற நிலையில் இருக்கட்டும். யாரும் தவறிக்கூட ஏற்ற முடியாது.

எங்களிடம் டேலி கணக்கு மென்பொருள் இருக்கிறது. தனியாக இன்னொரு மென்பொருள் தேவையா? (காவேரிப்பட்டணம்)

ஒரே குடோன், இருநூறு முந்நூறு ஐட்டம், இரண்டு ஆட்கள் என்றால் தேவையில்லை. டேலியிலேயே குடோன் பிரிவு, பேட்ச், காலாவதித் தேதி எல்லாம் உண்டு. அதை முதலில் முழுதாகப் பயன்படுத்துங்கள். எந்த ரேக்குக்குப் போ, அடுத்து எந்த ரேக் என்று ஆளுக்கு வழி சொல்ல வேண்டிய அளவுக்கு வேலை வளர்ந்த பிறகு கிடங்கு மென்பொருளைப் பாருங்கள். இஆர்பிநெக்ஸ்ட் போன்ற திறந்த மூல மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் நிறுவித் தரவும் சர்வருக்கும் மாதாமாதம் பார்த்துக்கொள்ளவும் செலவு உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்கிறோம். பார்கோடு லேபிள் இரண்டு மாதத்தில் அழிந்துவிடுகிறது. பெங்களூருக்குப் போகும் லோடில் பாகம் மாறிப்போய் திரும்பி வருகிறது.

லேபிள் வெயிலிலும் சூட்டிலும் மங்கினால், அது பஸ் டிக்கெட் போன்ற நேரடி வெப்பத்தாள். அதை விட்டுவிட்டு ரிப்பன் போட்டு அச்சடிக்கும் பிரிண்டருக்கு மாறுங்கள். எண்ணெய் படும் இடத்தில் காகிதம் நிற்காது; பாலியெஸ்டர் லேபிளும் ரெசின் ரிப்பனும் நிற்கும். கோடு வகைக்குப் பதில் க்யூஆர் வைக்கலாம். 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் அதை உருவாக்கியதே வாகன உதிரிபாகங்களுக்காகத்தான். உயர்ந்த பிழைத்திருத்த நிலையில் அச்சடித்தால் ஏறக்குறைய 30 சதவீதம் சேதமானாலும் படிக்கும். குடோனுக்குள் மட்டும் பயன்படுத்தும் எண்களை நீங்களே வைத்துக்கொள்ளலாம், யாரிடமும் வாங்க வேண்டியதில்லை.

பாகம் மாறாமல் இருக்க ஒரே வழி, பெட்டியின் லேபிளையும் ஆர்டரையும் ஸ்கேன் செய்து, இரண்டும் பொருந்தினால் மட்டும் பில் வருவது. பில் போட்டுவிட்டு அப்புறம் சரக்கு எடுக்கும் பழக்கத்தைத் தலைகீழாக்குங்கள். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லை தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு போகும் ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) வேண்டும். அதை ரத்து செய்ய 24 மணி நேரம்தான். வண்டி கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டிய பிறகு தவறு தெரிந்து என்ன பயன்?

புளி வைக்கும் குளிர்பதனக் கிடங்கு நடத்துகிறோம். வைக்கும்போது இருந்த எடை எடுக்கும்போது இல்லை என்று வியாபாரிகளோடு தினமும் வாக்குவாதம்.

மூட்டை எண்ணிக்கை, எடை இரண்டையும் தனித்தனியாகப் பதிய முடிகிற மென்பொருளாக எடுங்கள். பல மென்பொருள்களில் ஒரு மூட்டை 50 கிலோ என்று வைத்தால் அது என்றைக்கும் 50 கிலோதான். புளியில் ஈரம் குறையும், எடை மாறும். உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் தராசிலிருந்து நேராகக் கணினிக்கு எடை போகட்டும். கையால் எழுதும் இடமே இருக்கக் கூடாது. கொட்டைப்புளியும் கொட்டை எடுத்த புளியும் வேறு வேறு ஐட்டம். உரிமையாளர், லாட் எண், அறை, வரிசை, தேதி இவ்வளவும் மூட்டைச் சீட்டில் இருக்கட்டும். வாடகைக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்தே தானாக வந்துவிடும். எடைக்குறைவு எவ்வளவு வரை ஏற்பது என்பதைச் சரக்கு இறங்கும் அன்றே எழுதி, வியாபாரியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

மென்பொருள் போட்டு ஆறு மாதம். திரையில் 60 பெட்டி, நேரில் 52. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கரண்ட் போனால் நோட்டில் எழுதி, ராத்திரி கணினியில் ஏற்றுகிறோம். (பாலக்கோடு)

அந்த ராத்திரி ஏற்றுவதில்தான் எட்டுப் பெட்டியும் போகிறது. ஓசூரில் நான் ஸ்டோர்ஸ் பார்த்த காலத்தில் ஒருநாள் பேரிங் பெட்டி ஒன்று கிடைக்காமல் உற்பத்தியே அரை நாள் நின்றது. கணினியில் இருந்தது. கடைசியில் இறக்கும் வாசலுக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. சாயங்காலம் நினைவிலிருந்து பதிவு போட்டவர், இடத்தைப் பதியவில்லை. அன்றிலிருந்து சரக்கு நகரும் நேரத்திலேயே பதிவு என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நெட் இல்லாதபோதும் ஸ்கேனைச் சேமித்து, வந்ததும் அனுப்பும் வசதி இருக்கிறதா என்று மென்பொருள்காரரிடம் கேளுங்கள். ரவுட்டருக்கு ஒரு சிறிய யுபிஎஸ் போடுங்கள். மொழிக்கு: வரிசைக்கு ஒரு நிறம், ரேக்குக்கு எண். நிறத்தையும் எண்ணையும் எல்லோரும் படிப்பார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை கடையடைத்து எண்ணுவதை நிறுத்திவிட்டு, தினமும் 20 இடங்களை எண்ணுங்கள். கால் மணி நேரம் போதும். எண்ணுபவரிடம் திரையில் உள்ள எண்ணிக்கையைக் காட்டாதீர்கள். காட்டினால் அதையேதான் எழுதித் தருவார். வித்தியாசம் வந்தால் கணக்கைத் திருத்துவதற்கு முன், அந்தப் பொருளின் கடைசி ஐந்து பதிவுகளை எடுத்துப் பாருங்கள். எந்த நேரத்தில், யார் கையில் தவறுகிறது என்பது அதில் தெரியும். முதல் வாரம் இறக்கும் வாசலுக்குப் பக்கத்து இடங்களிலிருந்து தொடங்குங்கள். உங்கள் எட்டுப் பெட்டி அங்கேயே கிடைக்கலாம்.