நில உரிமை இருந்தும் நூனவுட்டின் இனுவிட் மக்களுக்கு அன்றாட வாழ்க்கை ஏன் கடினமாக இருக்கிறது?

நூனவுட் என்பது, ஆர்க்டிக் பகுதியின் பழங்குடியினரான இனுவிட் மக்களும் கனடா அரசும் 1993-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக 1999 ஏப்ரல் 1 அன்று உருவான வடகோடி ஆட்சிப்பகுதி. அந்த ஒப்பந்தத்தின்படி சுமார் 3,50,000 சதுர கிலோமீட்டர் நிலம் இனுவிட்டுகளுக்கு உரிமையானது. ஆனால் நிலத்தடிக் கனிமங்களின் மீதான உரிமை அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு மட்டுமே கிடைத்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

வாழ்க்கை கடினமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் போக்குவரத்து. அங்குள்ள 25 ஊர்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் சாலைகள் கிடையாது. கடல் உறைந்திருக்கும் மாதங்களில் கப்பலும் வராது என்பதால், பாலும் காய்கறியும் விமானத்தில் வந்தாக வேண்டும். பட்டா நம் பெயரில் இருந்தும், வண்டி போகப் பாதையில்லாத மனையில் வீடு கட்டுவதைப் போன்றது இது. கட்டுமானப் பொருள்கள் கோடைக் கப்பலுக்காகக் காத்திருப்பதால் செலவு ஏறுகிறது, வீடுகள் போதவில்லை, இருக்கும் வீடுகளில் நெரிசல் மிகுகிறது. தரை எப்போதும் உறைந்தே கிடப்பதால், பெரும்பாலான ஊர்களில் குழாய்க்குப் பதிலாக லாரிதான் வந்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நிரப்புகிறது. ஆள் மிகுந்த வீட்டில் அது சீக்கிரம் காலியாகிவிடும், பனிப்புயல் அடித்தாலோ லாரியும் வராது.