வாசகர் கேள்வி–பதில்: மாட்டிறைச்சி ஸ்டூவும் டம்ப்ளிங்கும்

சென்ற இதழில் இங்கிலாந்தின் குளிர்கால உணவுகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாட்டிறைச்சி ஸ்டூவைப் பற்றியும், அதன்மேல் உருட்டிப் போடும் டம்ப்ளிங் என்ற மாவுருண்டையைப் பற்றியுமே இருந்ததால், இம்முறை அவற்றுக்கு மட்டும் விடையளிக்கிறோம்.

கேள்வி: விலை அதிகமானாலும் பரவாயில்லை என்று கொழுப்பே இல்லாத மாட்டிறைச்சியாகப் பார்த்து வாங்கி, இரண்டு மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டேன். குழம்பு ருசியாகத்தான் இருந்தது. கறி மட்டும் சக்கையாகிவிட்டது. என்ன காரணம்? – ஒரு வாசகி, லெஸ்டர்

பதில்: வாங்கிய கறியும் பொருந்தவில்லை, வைத்த தீயும் பொருந்தவில்லை. ஸ்டூவுக்கு ஏற்றது, மாடு அதிகம் உழைக்க வைத்த தசை. கழுத்தையும் தோளையும் ஒட்டிய ‘சக்’, கால் தசையான ‘ஷின்’ ஆகியவை அங்குள்ள கடைகளில் மற்றத் துண்டுகளைவிட மலிவாகவே கிடைக்கும். ‘பிரெய்சிங் ஸ்டீக்’ என்று எழுதி விற்பதும் பெரும்பாலும் இவ்வகைதான். வெட்டும்போது வெள்ளை வெள்ளையாகச் சவ்வு தெரிகிறதே என்று முகம் சுளிக்க வேண்டாம். அந்தச் சவ்வில் இருக்கும் கொலாஜன்தான், ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் இருக்கும்போது மெல்ல மெல்ல ஜெலட்டினாகக் கரைந்து, கறிக்கு மென்மையையும் குழம்புக்கு உதட்டில் ஒட்டும் கொழகொழப்பையும் தருகிறது. கொழுப்பும் சவ்வும் நீங்கிய தொடைக்கறியில் கரைவதற்கு எதுவும் இல்லாததால், நேரம் ஆக ஆக அது நீரை இழந்து வறண்டு போகிறதே தவிர இளகுவதில்லை.

அடுத்தது தீ. தளதளவென்று கொதிக்கவிட்டால் தசைநார்கள் இறுகிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழிகள் மட்டும் சோம்பலாக எழும் அளவுக்குத் தீ இருந்தால் போதும். அடுப்பின்மேல் அப்படிக் காப்பது கடினமாக இருந்தால், கனமான மூடியுள்ள பாத்திரத்தோடு ‘அவன்’ (oven) அடுப்புக்குள் வைத்து 150 டிகிரியில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் விட்டுவிடலாம். ஒரு மணி நேரம் கழித்துக் கடித்துப் பார்ப்பவர்களுக்குக் கறி ரப்பர் போலத்தான் இருக்கும். அந்தக் கட்டத்தில் மனம் தளர்ந்து இறக்கிவிடுகிறவர்களே அதிகம்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ கறியை 4 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஈரத்தை ஒற்றியெடுத்து, உப்பும் மிளகும் இரண்டு மேசைக்கரண்டி மைதாவும் பிரட்டி, சூடான எண்ணெயில் சிறிது சிறிதாக நான்கு பக்கமும் பழுப்பேற வறுக்க வேண்டும். மொத்தத்தையும் ஒன்றாகக் கொட்டினால் கறி நீர்விட்டு வெந்துவிடுமே ஒழிய வறுபடாது. ஸ்டூவின் ஆழ்ந்த நிறமும் மணமும் இந்த வறுவலிலிருந்தே வருவதால் இதில் அவசரம் கூடாது. பிறகு அதே பாத்திரத்தில் இரண்டு வெங்காயம், இரண்டு தண்டு செலரி ஆகியவற்றை வதக்கி, முக்கால் லிட்டர் மாட்டெலும்புச் சாறு ஊற்றி, அடியில் பிடித்த பழுப்பை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்து, கறியையும் ஒரு கொத்துத் ‘தைம்’ (thyme) என்ற மூலிகையையும் சேர்த்து மூடலாம். கேரட், பார்ஸ்னிப் போன்ற கிழங்குகளை முதலிலேயே போட்டால் குழைந்து காணாமல் போகும். கடைசி ஒரு மணி நேரத்துக்கு முன் போட்டால் போதும். கடையில் கட்டியாக விற்கும் சாற்றைக் (ஸ்டாக் கியூப்) கரைத்துப் பயன்படுத்துகிறவர்கள் உப்பை இறுதியில் பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ஸ்டூவில் பே இலை போடச் சொல்கிறார்கள். நம் பிரிஞ்சி இலை போடலாமா? – ஒரு வாசகர், கோவை

பதில்: வேண்டாம். இரண்டும் வேறு வேறு மரங்கள். பிரிஞ்சி இலை பட்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. போட்டால் ஸ்டூவில் பிரியாணி வாசனை எட்டிப்பார்க்கும். பே இலை கிடைக்காவிட்டால் தைமோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: என் டம்ப்ளிங் ஒரு நாள் கல்லாக இருக்கிறது, மறுநாள் குழம்பில் கரைந்தே போகிறது. சரியான பக்குவம் என்ன? – ஒரு வாசகி, ஈஸ்ட்ஹாம், லண்டன்

பதில்: இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு சூயட் என்பதுதான் அங்குள்ள வீடுகளின் வழக்கமான கணக்கு. சூயட் என்பது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பு. துருவி மாவு தூவிப் பெட்டியில் விற்கிறார்கள். மான்செஸ்டரில் 1893இல் தொடங்கிய அட்டோரா என்ற பெயரில் அது இன்றும் கிடைக்கிறது. வெண்ணெயைவிட அதிகச் சூட்டில்தான் அது உருகும். மாவு வெந்து உருப்பெறத் தொடங்கும்வரை உருகாமல் தாக்குப்பிடித்து, பிறகு உருகி, இருந்த இடத்தில் சிறு சிறு வெற்றிடங்களை விட்டுச் செல்வதால்தான் டம்ப்ளிங் பஞ்சு போல ஆகிறது.

பேக்கிங் பவுடர் கலந்தே விற்கும் செல்ஃப் ரெய்சிங் மாவு 150 கிராம், சூயட் 75 கிராம், அரைத் தேக்கரண்டி உப்பு, விரும்பினால் பொடியாக நறுக்கிய பார்ஸ்லி ஆகியவற்றைக் கலந்து, குளிர்ந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஏறத்தாழ 100 மி.லி. வரை விட்டு, கரண்டியால் கிளறிச் சேர்த்தால் போதும். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை இங்கேதான் சும்மா இருக்க மறுக்கிறது. அழுத்திப் பிசைந்தால் பசைத்தன்மை ஏறி டம்ப்ளிங் கல்லாகிவிடும். விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் விட்டுவிட்டு, மாவு தொட்ட கையால் எலுமிச்சை அளவுக்கு உருட்டி உடனே போட்டுவிட வேண்டும். நெடுநேரம் காக்க வைத்தால் மாவில் உள்ள பேக்கிங் பவுடரின் வேகம் வெளியிலேயே தீர்ந்துவிடும்.

கரைந்து போவதற்குக் காரணம் மாவில் நீர் அதிகமாவது, இல்லையென்றால் குழம்பு சூடாறிக் கிடக்கும்போது போடுவது. கறி முழுவதும் வெந்த பிறகு, குழம்பு மெல்லக் கொதித்துக்கொண்டிருக்கும்போது, உருண்டைகளை இடைவெளி விட்டு மேலே வைத்து, இறுக மூடி 20 நிமிடம் விட வேண்டும். அடிப்பாதி குழம்பிலும் மேற்பாதி ஆவியிலும் வேகிறது என்பதால், இட்லிச் சட்டியைப் போலவே இதையும் நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. மேற்புறம் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் கடைசிப் பத்து நிமிடம் மூடியை எடுத்துவிட்டு அவனின் சூட்டைக் கூட்டலாம்.

கேள்வி: நார்ஃபோக்கில் ஒரு வீட்டில் சாப்பிட்ட டம்ப்ளிங்கில் கொழுப்பே இல்லை. அது வேறு வகையா? – ஒரு வாசகர், நாரிச்

பதில்: ஆம். நார்ஃபோக் டம்ப்ளிங் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்த ரொட்டி மாவால் ஆனது, சூயட் கிடையாது. சுவையில் அது குழம்பில் வெந்த ரொட்டிதான். என் வாக்கு சூயட் வகைக்கே.

கேள்வி: இங்கே அவனும் இல்லை, சூயட்டும் இல்லை. குக்கரில் செய்ய முடியுமா? – ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கறியைத் தாராளமாகக் குக்கரில் வேகவைக்கலாம், வறுவலை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 35 முதல் 40 நிமிடம் வைத்தால் கால்கறியும் இளகிவிடும். நீர் வற்றாது என்பதால் சாற்றை அரை லிட்டராகக் குறைத்துக்கொள்ளுங்கள். டம்ப்ளிங்கை மட்டும் குக்கரில் அழுத்தத்தோடு வேகவைக்கவே கூடாது: மாவு உப்பி நுரைத்து ஆவி வெளியேறும் துளையை அடைத்துக்கொண்டால் ஆபத்து. அழுத்தம் முழுவதும் அடங்கிய பிறகு திறந்து, கிழங்குகளைப் போட்டு வேகவைத்து, பின்பு உருண்டைகளை வைத்துச் சாதாரணத் தட்டால் மூடுங்கள்.

சூயட்டுக்குக் கறிக்கடையில் சிறுநீரகக் கொழுப்பு என்று கேட்டு வாங்கி, சவ்வை உரித்து, உறைய வைத்துத் துருவிக்கொள்ளலாம். அது அமையாவிட்டால் உறைந்த வெண்ணெயை அதே அளவுக்குத் துருவிச் சேருங்கள். சற்று அடர்த்தியாக வந்தாலும் ருசி குறையாது. செல்ஃப் ரெய்சிங் மாவு இல்லையென்றால் 150 கிராம் மைதாவுக்கு இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்து சலித்தால் சரியாக இருக்கும்.

கேள்வி: பீர் ஊற்றாமல் செய்தால் ஸ்டூ ஆகாதா? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக ஆகும். பீர் தரும் மெல்லிய கசப்புக்கும் புளிப்புக்கும் பதிலாக ஒரு மேசைக்கரண்டி வூஸ்டர் சாஸ் விடலாம். அதில் நெத்திலியும் புளியும் சேர்ந்திருப்பதால் நம் நாக்குக்கு அது அந்நியமாகவும் படாது.

கேள்வி: மிஞ்சியதை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? – ஒரு வாசகி, ஹாரோ

பதில்: அகலமான பாத்திரத்தில் மாற்றி விரைவாக ஆறவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் ஒரே ஒரு முறை ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட வேண்டும். மறுநாள் ஸ்டூவின் ருசி கூடும், மேலே உறைந்திருக்கும் கொழுப்பையும் எளிதாக வழித்தெடுக்கலாம். டம்ப்ளிங் அப்படியல்ல, இரவெல்லாம் குழம்பை உறிஞ்சி நொளுநொளுத்துவிடும். மறுநாளைக்கும் வேண்டுமென்றால் மாவையும் சூயட்டையும் உலர்ந்த நிலையில் கலந்து தனியே குளிரில் வைத்துவிட்டு, ஸ்டூ சூடேறும் நேரத்தில் நீர் விட்டு உருட்டிப் போடுங்கள்.