யாரைக் கேட்டுத் துளை போடுகிறார்கள்?

கேள்வி: பெங்களூரில் எங்கள் வீட்டுக்கே குழாயில் கேஸ் வந்துவிட்டது. மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் சொந்தக்காரர்களோ மீத்தேன், ஷேல் கேஸ், ஹைட்ரோகார்பன் என்று எது வந்தாலும் பந்தல் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். காவிரி டெல்டாவில், பாறையில் விரிசல் உண்டாக்கி வாயு எடுக்கும் ஃப்ராக்கிங்கே நடக்கவில்லை என்கிறார்கள் அதிகாரிகள். நடக்காத ஒன்றுக்கு ஏன் இத்தனை பீதி?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: அதைப் பீதி என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் சொந்தக்காரர்கள் அரசு ஆணைகளை நம்மைவிடக் கவனமாகப் படிக்கிறார்கள். 2013-இல் ஷேல் பாறையிலிருந்து வாயு, எண்ணெய் எடுப்பதற்கான கொள்கை வந்தபோது, மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.க்கு முதல் கட்டமாக ஒதுக்கிய 50 இடங்களில் 9 தமிழ்நாட்டில் இருந்தன. 2016-இல் எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் போதும் என்றானது. 2018 ஆகஸ்டில், பழைய ஒப்பந்தக்காரர்களும் தங்கள் பரப்பிலேயே ஷேல் தேடலாம் என்று மத்திய அமைச்சரவை அனுமதித்தது. இத்தனைக்கும் பிறகு 'இது சாதாரணக் கிணறுதான்' என்று ஓர் அதிகாரி வந்து சொன்னால் விவசாயி எதை நம்பி எழுந்து வீட்டுக்குப் போவார்?

ஷேல் என்பது களிமண் இறுகிய பாறை. வாயு அதற்குள் அடைபட்டுக் கிடக்கும். தானாக வெளியே வராது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளைத்து, பக்கவாட்டில் திருப்பி, மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரைப் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்க வேண்டும். இதுதான் ஃப்ராக்கிங். ஒரு கிணற்றுக்கே கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். ரசாயனம் ஒரு சதவீதம்தான் என்பார்கள். கோடி லிட்டரில் ஒரு சதவீதம் என்றால் ஒரு லட்சம் லிட்டர். செலுத்திய நீரில் ஒரு பகுதி, ஆழத்து உப்பையும் பேரியம், ரேடியம் போன்றவற்றையும் அள்ளிக்கொண்டு மேலே திரும்பி வரும். வயலும் வாய்க்காலும் தெருவும் நெருங்கிக் கிடக்கும் திருவாரூரில் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஓக்லஹோமாவில் எண்ணெய்க் கிணற்றுக் கழிவுநீரைத் திரும்ப ஆழத்துக்குள் செலுத்தியதில் நிலநடுக்கங்கள் பெருகின. இங்கிலாந்து 2019-இல் ஃப்ராக்கிங்கை நிறுத்தி வைத்தது. பிரான்ஸ் 2011-லேயே தடை போட்டுவிட்டது.

பெங்களூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2018 பிப்ரவரியில் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75-இல் 4.75 நம் நகரத்தின் குடிநீருக்கு. மீதி 10 டி.எம்.சி.க்கு என்ன காரணம் தெரியுமா? டெல்டாவின் மண்ணுக்கடியில் நிலத்தடி நீர் இருக்கிறதாம், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமாம். ஆற்று நீரைக் குறைத்துக்கொள், உன் போர்வெல் தண்ணீர் இருக்கிறதே என்று சொல்லப்பட்ட விவசாயி அவர். அந்தப் போர்வெல் தண்ணீருக்கு நடுவே துளை போட வந்தால் அவர் சும்மா இருக்க வேண்டுமா? கடைமடையில் கடல்நீர் ஏற்கெனவே நிலத்தடியில் ஏறிக்கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் நல்ல தண்ணீரும் கெட்டால் குறுவையும் இல்லை, குடிக்கவும் இல்லை. 2024 மார்ச்சில் நம் ஊர் போர்வெல்களில் ஏறக்குறைய பாதி வறண்டு, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். டேங்கருக்காகக் காத்திருந்த நமக்கு அவர்கள் கவலை புரியாமல் போகக் கூடாது.

நாட்டுக்கு எரிவாயு தேவை என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் தேவையைச் சொல்லி ஊர் மக்களின் வாயை அடைப்பது அநியாயம். 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியைத் திருத்தி, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டமே தேவையில்லை என்றாக்கியது. கூட்டம் இருந்தால் அங்கே பேசியிருப்பார்கள். இல்லாததால் பந்தல் போடுகிறார்கள்.

பந்தல் வீணாகவும் போகவில்லை. இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் 2013 டிசம்பரில் இறந்தது, மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது, பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில். 2015-இல் தமிழக அரசு அத்திட்டத்துக்கு நிரந்தரமாக அனுமதி மறுத்தது. ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகப் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் கிராமத்தில் போராட்டம் 2017-இல். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, ஷேல் உட்படப் புதிய கிணறுகளைத் தடுக்கும் சட்டம் 2020-இல்.

அந்தச் சட்டத்திலும் ஓட்டை உண்டு. ஏற்கெனவே ஓடும் கிணறுகளை அது தொடவில்லை. திருச்சி, அரியலூர், கரூர் அதில் சேரவில்லை. ராமநாதபுரமும் வெளியேதான். அங்கே 2025 மார்ச்சில் ஓ.என்.ஜி.சி.யின் 20 ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. செய்தி பரவி எதிர்ப்புக் கிளம்பியதும், ஆகஸ்டில், அனுமதியைத் திரும்பப் பெறச் சொன்னது தமிழக அரசு. நீங்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள் அல்லவா? உங்கள் சொந்தக்காரர்களோடு அந்தப் பந்தலில் ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள். இன்னும் கேள்வி மிச்சமிருந்தால் எழுதுங்கள், இதே பக்கத்தில் பதில் சொல்கிறேன்.